குமரிக்கண்டம் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழையென்றால் திருத்துங்கள். காலம் வெறும் தோற்றம் என்று ஐன்ஸ்டைன் எழுதியிருக்கிறார், நம் முன்னோரும் அதை மாயை என்றார்கள், யுகங்களோ திரும்பத் திரும்ப வருகின்றன. அப்படியிருக்க, 50,000 ஆண்டுகளுக்கு முன், பிறகு கடல் கொண்டதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்தில் தமிழர் பெரிய நகரங்கள் கட்டி வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் படித்தவர்கள் ஏன் மறுக்கிறார்கள்? இது உங்கள் கேள்வி. கூடவே, மட்டக்களப்பின் கல்லடிக் கடலில் சுழியோடும் உங்கள் மாமா அடியிலே தளம் போட்டது போலக் கல் கண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் எழுதாத கேள்வி ஒன்றும் கிடக்கிறது என்று நினைக்கிறேன்: இதை நம்பினால் நாலு பேர் சிரிப்பார்கள், நம்பாவிட்டால் நம் ஆட்களே துரோகி என்பார்கள், எந்தப் பக்கம் நிற்பது? அதற்கும் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். நான் பேராதனையில் புவியியல் படித்து, மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கத்திலும் முப்பத்தொரு வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன். கடலடியும் நில அமைப்பும் என் பாடம். தொல்லியல் நான் வாசித்து அறிந்தது. பௌதிகத்தில் நான் மாணவன்தான்.

காலத்திலிருந்து தொடங்குவோம். அதற்கு ஐன்ஸ்டைனிடம் போகமுன் நம் மட்டக்களப்பு வாவிக்குப் போகலாம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. ஒரு நாளின் இரண்டு முனைகளையும் நிலத்துக்குப் பெயராக வைத்த ஊர் நமது. 1996இல் நாட்டின் மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி திருப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் புலிகளின் பக்கம் பழைய நேரமே ஓடியது. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், அல்லது பிறந்தே இருக்கமாட்டீர்கள். வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் குறையும். கலியாண வீட்டுக்குச் சொல்ல வருகிறவர்களிடம் "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்டுத்தான் முகூர்த்தத்தைக் குறித்துக்கொள்வோம். ஆனால் துறையடியில் தோணிக்காரர் அக்கரைக்கு வலித்த நேரம் ஒரு நிமிடமும் கூடவுமில்லை, குறையவுமில்லை. நேரத்துக்கு நாம் வைக்கிற எண் நம் ஏற்பாடு. ஒன்றுக்குப் பின் ஒன்று நடக்கிற வரிசை நம் ஏற்பாடு அல்ல. உங்கள் கேள்வியின் பாதிச் சிக்கல் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்ததில் வந்தது.

ஐன்ஸ்டைனின் அந்த வரி எங்கே வருகிறது என்று தெரிந்தால் அதன் பாரம் மாறிவிடும். 1955 மார்ச்சில் அவருடைய நெடுநாள் நண்பர் மிக்கேலே பெஸ்ஸோ இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு எழுதிய ஆறுதல் கடிதத்தில்தான், எங்களைப் போலப் பௌதிகத்தை நம்புகிறவர்களுக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவு விடாப்பிடியான ஒரு மாயத்தோற்றம் மட்டுமே என்ற கருத்து வருகிறது. அடுத்த மாதம் ஐன்ஸ்டைனும் போய்விட்டார். துக்க வீட்டில் சொன்ன சொல் அது. அதை ஆய்வுக்கட்டுரையின் முடிவு போல எடுத்து ஆள்வது அவருக்கும் நியாயமில்லை. சார்புக் கோட்பாடு உறுதியாகச் சொல்வது வேறு. வேகமும் ஈர்ப்பும் மாறினால் மணிக்கூடு ஓடும் வேகமும் மாறும். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற ரோலர் படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவி இதற்குச் சாட்சி. மேலே சுற்றும் செய்மதியின் மணிக்கூடு நாளொன்றுக்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றர் அளவுக்கு இடம் பிழைக்கும், போட்ட வலையைத் தேடிப் பிடிக்கவே முடியாது. ஆனால் இதே கோட்பாடு இன்னொன்றையும் அடித்துச் சொல்கிறது: ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருந்தால், அந்த இரண்டின் முன் பின் வரிசையை எவர் எங்கிருந்து பார்த்தாலும் மாற்ற முடியாது. வலை போட்டது முன், மீன் பட்டது பின். சட்டி சுட்டது முன், அது உடைந்தது பின். தொல்லியலுக்கு வேண்டியது இந்த வரிசை மட்டும்தான். அதற்கு ஐன்ஸ்டைனால் ஒரு கெடுதியும் இல்லை.

முன்னோர் மாயை என்றார்கள் என்பதிலும் ஒரு சின்னத் திருத்தம். நம் பக்கத்துக் கோயில்களில் வேரோடிய சைவசித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றம் அல்ல, உள்பொருள். உலகம் எதிலிருந்து விரிகிறதோ அந்த மூலம். காலம் அதிலிருந்து தோன்றும் தத்துவங்களில் ஒன்று, முப்பத்தாறில் அதற்கும் ஓர் இடம் உண்டு. சென்றதற்கு எல்லை, நிகழ்வதற்குப் பலன், வருவதற்குப் புதுமை என்று காலத்துக்கு மூன்று வேலை சொல்வார்கள். சென்றதற்கு எல்லை என்பதைக் கவனியுங்கள். நடந்து முடிந்தது வரம்பு கட்டிய வயல், அதை இனி அகட்ட முடியாது. யுகக் கணக்கு இன்னொரு விதமானது. கலியுகம் 4,32,000 ஆண்டு, துவாபரம் அதன் இரண்டு மடங்கு, திரேதா மூன்று மடங்கு, கிருதம் நான்கு மடங்கு, கூட்டினால் 43,20,000. இப்படி ஒன்றின் மடங்காக மற்றது அமைவதைப் பார்த்தாலே இது கணிதத்தின் அழகுக்காக நெய்யப்பட்ட வலை என்று விளங்கும். கலியுகம் கிறித்துவுக்கு முன் 3102இல் தொடங்கியது என்பது மரபு. அதன்படி திரேதாயுகம் முடிந்தே எட்டு இலட்சத்து அறுபதாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. இப்போது கிடைத்திருக்கும் எலும்புகளின்படி நம்மைப் போன்ற மனிதருக்கு வயது சுமார் மூன்று இலட்சம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் தலை முழுகுகிற ஒருவரும் இந்தக் கழித்தல் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குவதில்லை. நானும் பார்த்ததில்லை. அந்தக் காலம் வழிபாட்டுக்கானது. அதைக் கொண்டுவந்து மண்ணடுக்கின் மேல் வைத்து அளந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இனிக் குமரிக்கண்டம். இதில் என் சொந்த வெட்கக்கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வாத்தியாராக வந்த புதிதில், எண்பதுகளில், நானே கரும்பலகையில் குமரிக்கண்டம் வரைந்து படிப்பித்தேன். இந்தியாவுக்குக் கீழே ஒரு பெரிய முக்கோணம், நடுவில் இரண்டு ஆறு, மேற்கே மடகாஸ்கார், கிழக்கே அவுஸ்திரேலியா. ஆர்வத்தில் இலங்கையை அதற்குள்ளேயே விழுங்கவிட்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பினான். தகப்பன் கடலுக்குப் போகிறவர். "சேர், எங்கட வாப்பா தூண்டல் போடக்குள்ள கொஞ்சம் அங்கால போனா நூல் நிலம் முட்டாதெண்டுவார். நாடு இருந்தா முட்டணுமே?" என்று கேட்டான். நான் அவனை இருக்கச் சொன்னேன். அன்றிரவு கடல்வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது அவன் வாப்பா சொன்னதுதான் சரி. இலங்கையைச் சுற்றியுள்ள கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த அடிநிலம், சராசரியாக இருபது கிலோமீற்றர்தான் அகலம். கிழக்கில் பல இடங்களில் அதைவிட ஒடுக்கம். அதற்கப்பால் நிலம் மலைச்சரிவு போல விழுந்து ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குப் போய்விடும். அடுத்த நாள் வகுப்பில் படத்தை அழித்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்பது ஞாபகமில்லை. கேட்டிருக்க மாட்டேன், அந்தக் காலத்து வாத்தியார் அப்படித்தான்.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நமக்கு வந்துசேர்ந்த கதை பல காலத்துத் துண்டுகளைத் தைத்தது. பஃறுளி ஆற்றோடும் பல மலை அடுக்கோடும் குமரிக்கோட்டைக் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அவ்வளவுதான், அளவு கிடையாது. தன் மண்ணைக் கடல் வௌவியதால் பாண்டியன் வேறு நாடு பிடித்தான் என்று கலித்தொகையில் ஒரு பாட்டு. அதிலும் அளவில்லை. முச்சங்கக் கணக்கு இறையனார் களவியல் உரையில் வருகிறது, சங்கப் பாட்டுகளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது: முதற்சங்கம் 4,440 ஆண்டு, 89 அரசர். இடைச்சங்கம் 3,700 ஆண்டு, 59 அரசர். கடைச்சங்கம் 1,850 ஆண்டு, 49 அரசர். ஒரு பென்சில் எடுத்து வகுத்துப் பாருங்கள். இடைச்சங்கத்து அரசர் ஒவ்வொருவரும் சராசரி அறுபத்திரண்டு ஆண்டுக்கு மேல் ஆண்டிருக்கவேண்டும், ஐம்பத்தொன்பது பேரும் விடாமல். இன்னொன்றும் தெரியும்: மூன்று தொகையுமே 37ஆல் மீதியின்றி வகுபடும். 120 தடவை, 100 தடவை, 50 தடவை. இது பதிவேட்டிலிருந்து வந்த எண்ணாக எனக்குப் படவில்லை, யாரோ உட்கார்ந்து அமைத்தது. 700 காவதம், 49 நாடு என்ற பரப்பளவு அதற்கும் பிந்திய அடியார்க்குநல்லார் உரையில்தான் கிடைக்கிறது. ஏழேழாக நாற்பத்தொன்பது. காதத்துக்குப் பத்து மைல் என்ற பொதுக் கணக்கை எடுத்தால் 7,000 மைல், அதாவது கன்னியாகுமரியிலிருந்து நேரே தெற்கே போனால் தென்துருவத்தையும் தாண்டிவிடும். மூன்று மைல் என்று இறக்கினாலும் 2,100 மைல் வருகிறது. குமரிகண்டம் என்ற பெயரோ கந்தபுராணத்தில் பரதகண்டத்தின் ஒன்பது பிரிவுகளில் ஒன்று. அங்கே அது மூழ்கின நாடாகச் சொல்லப்படவில்லை.

இவற்றைத் தைத்த ஊசி வெளியிலிருந்து வந்தது. 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்காரில் இலெமூர் குடும்பத்து விலங்குகளையும், இந்தியா, இலங்கைப் பக்கம் அவற்றின் உறவினத்தையும் கண்டு, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கவேண்டும் என்று ஊகித்து அதற்கு இலெமூரியா என்று பெயர் வைத்தார். அந்த உறவினம் எது தெரியுமா? நம் காடுகளில் இரவில் கண்ணை உருட்டிக்கொண்டு திரிகிற தேவாங்கு. ஒரு தேவாங்கை நம்பி ஒரு கண்டம். பரிகாசமாகச் சொல்லவில்லை, அன்றைய அறிவுக்கு அது நல்ல ஊகம். கண்டங்கள் நகர்கின்றன என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. பிறகு ஜேர்மனிய அறிஞர் ஹெக்கல் மனிதகுலத்தின் தொட்டிலையே அங்கே வைத்தார், பிரம்மஞான சபையின் பிளவாற்ஸ்கி அம்மையார் 1888இல் அதில் ஆவிக்குடிகளை ஏற்றினார், அந்த வழியில் வந்த பெயரை நம் அறிஞர்கள் சிலப்பதிகார வரியோடு சேர்த்தார்கள். இப்போது தெரிந்தது இது: இந்தியாவும் மடகாஸ்காரும் ஒட்டியே இருந்தன, சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தன. நடுவில் எதுவும் மூழ்கத் தேவையில்லை. மொரீசியஸ் தீவுக்கடியில் 300 கோடி ஆண்டுப் பழமையான சிர்க்கன் பளிங்குகள் கிடைத்ததாக 2017இல் செய்தி வந்ததும் "இலெமூரியா கிடைத்துவிட்டது" என்று வீடியோக்கள் போட்டார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தப் பளிங்குகள் காட்டும் பழைய கண்டத் துண்டு உண்மை. ஆனால் அது உடைந்து அமிழ்ந்தபோது பூமியில் மனிதரும் இல்லை, குரங்கும் இல்லை. மற்றபடி இந்து சமுத்திரத்தின் அடி ஏறக்குறைய முழுவதும் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல், ஏழு கிலோமீற்றர் அளவு தடிப்பு. கண்டத்தின் ஓடு முப்பத்தைந்து கிலோமீற்றர் தடிப்பு, பாரம் குறைந்த கல். அது தெப்பம் போல மிதப்பது. சில ஆயிரம் ஆண்டில் கல்லுப் போலத் தாண்டுபோகாது. இந்த விடயத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது, தம்பி. மனிதர் வாழ்ந்த ஒரு கண்டம் அங்கே மூழ்கவில்லை.

ஆனால் கடல் நிலத்தைக் கொண்டது என்பதிலும் எனக்கு அதே அளவு நிச்சயம் உண்டு. 20,000 ஆண்டுக்கு முன் உலகத்து நீரில் ஒரு பங்கு வடதுருவப் பக்கம் பனியாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைக்கிருப்பதை விடச் சுமார் 120 மீற்றர் கீழே. மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே நடந்து போகலாம். பனி உருக உருகக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுக்கு முன்தான் இலங்கை தனித் தீவானது. அதற்கு வெகு முன்பே இங்கே மனிதர் இருந்தார்கள். களுத்துறை மாவட்டத்துப் பாகியன்லென குகையில் 48,000 ஆண்டுப் பழைய எலும்பு அம்புமுனைகள் கிடைத்திருக்கின்றன. அவர்களில் சிலர் இப்போது நீருக்கடியில் உள்ள கரைகளில் வாடி போட்டு, மட்டி பொறுக்கி, மீன் பிடித்திருப்பார்கள் என்பது என் ஊகம், பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று எலும்பு சொல்லாது. தமிழ் என்று சொல்கிறவரும் தமிழ் அல்ல என்று சொல்கிறவரும் ஒரே அளவு காற்றில்தான் வீடு கட்டுகிறார்கள்.

அப்படியென்றால் கடல்கோள் கதை அந்தப் பழைய நினைவா? இங்கேதான் நான் தடுமாறுகிறேன். அவுஸ்திரேலியப் பழங்குடிகளின் கரையோரக் கதைகள் 7,000 ஆண்டுக்கு முந்திய கடலேற்றத்தை நினைவில் வைத்திருக்கின்றன என்று சில ஆய்வாளர் வாதிடுகிறார்கள். வேறு பலர் ஏற்கவில்லை. நமக்கு அவ்வளவு தூரம் போகாமலே வேறொரு விளக்கம் கையருகில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை என்ன வந்தது என்று இந்தக் கரையில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல். அம்பாந்தோட்டைப் பக்கம் கரகன் களப்பின் சேற்றைக் குழாயால் துளைத்து எடுத்துப் பார்த்தவர்கள், கடந்த 7,000 ஆண்டில் இப்படியான அலைகள் பலமுறை வந்து மணல் விரித்துப் போனதைக் கண்டார்கள். ஆக, சிலப்பதிகாரத்தைப் பாடினவர் காலத்துக்கு முன்பும் கடல் எழுந்திருக்கிறது, ஊர் போயிருக்கிறது. பாட்டில் அந்த வரி வர ஒரு கண்டம் தாழவேண்டியதில்லை, ஒரு கரை போதும். கதை எப்படிப் பெருக்கும் என்பதையும் நான் கண்ணால் கண்டேன். அலை வந்த அடுத்த மாதம் வகுப்பில் எழுதச் சொன்னபோது பிள்ளைகள் "வீட்டு வளை மட்டம்", "மதில் உயரம்" என்றே எழுதினார்கள். பத்து வருடம் கழித்து, அலையைப் பார்க்காத அவர்களின் தம்பிமார் எழுதினபோது அது பனை உயரமானது. இரண்டு பனை என்றும் ஒருவன் எழுதினான். யாரும் பொய் சொல்லவில்லை. துக்கத்துக்கு மீற்றர் கணக்குத் தெரியாது, அது தனக்குத் தகுந்த உயரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். எழுநூறு காவதத்தை நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன்.

சரி, கண்டம் வேண்டாம், 50,000 ஆண்டுக்கு முன் எங்கோ ஒரு பெரிய நாகரிகம் இருந்து தடமில்லாமல் அழிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தடமில்லாமல் என்பதுதான் சிக்கல். காலம் எல்லாவற்றையும் அழிக்கிறது, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. ஓலையும் மரமும் துணியும் போய்விடும். சுட்ட மண் போகாது. உரோமர் காலத்தில் ஈயம் உருக்கின புகை 2,000 ஆண்டு கழிந்தும் கிறீன்லாந்தின் பனிக்குள் படிந்திருக்கிறது. 50,000 ஆண்டுப் பனியும் அங்கே இருக்கிறது, அந்த ஆழத்தில் அப்படியான உருக்குப் புகை இல்லை. இதைவிட நெருக்கமான சாட்சி உங்கள் வயல் வட்டைக்குள்ளேயே முளைக்கிறது: பன்றி நெல். வெள்ளாமைக்காரர் அதை ஏன் திட்டுகிறார்கள்? முற்றினதும் தானாகக் கொட்டிவிடும். காட்டு நெல்லின் குணம் அது. நாம் விதைக்கிற நெல் கதிரிலேயே காத்து நிற்கும், அறுத்து அடித்தால்தான் உதிரும். மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததால் வந்த மாற்றம் அது, செடியின் உடம்பிலேயே எழுதிய பதிவு. நகரம் என்றால் சோறு வேண்டும், சோறு என்றால் இப்படிப் பழக்கின பயிர் வேண்டும். பழக்கின நெல்லோ கோதுமையோ பார்லியோ, எதை எடுத்தாலும் அதன் தடம் பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கு இங்காலதான் தொடங்குகிறது. நகரம் மூழ்கியிருக்கலாம், விதை எங்கே போனது?

தொலைந்த நாகரிகமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். சிந்துவெளி நகரமான ஹரப்பா தொலைந்துதான் கிடந்தது. அதன் செங்கல்லைத் தோண்டி லாகூர் முல்தான் ரயில் பாதைக்கு அடியில் போட்டார்கள், இன்னதென்று தெரியாமலே. 1921இல் ஒழுங்காக அகழத் தொடங்கி, 1924இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜோன் மார்ஷல் உலகத்துக்கு அறிவித்தார். எந்தக் கதையும் அவர்களை அங்கே கூட்டிப்போகவில்லை. செங்கல்தான் கூட்டிப்போனது. துருக்கியின் கோபெக்லி தெபே என்ற கல்தூண் வளாகம் 11,000 ஆண்டுக்கு முந்தியது, அதையும் எந்தப் பழங்கதையும் காட்டித் தரவில்லை. கீழடி கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு வரை போனது, அங்கே சுட்ட ஓட்டில் ஆட்களின் பெயர் கீறியிருக்கிறது. என்னைக் கேட்டால் 50,000 ஆண்டுக் கற்பனை நகரத்தை விட, பானையில் தன் பெயரைக் கீறிவைத்த அந்த ஒருவன் எனக்கு நெருக்கமானவன். நம் பக்கத்திலேயே கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள், குசலான்மலையில் பிராமி எழுத்து வெட்டின குகைகள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு எத்தனை பேர் அங்கே போயிருக்கிறீர்கள்? (நான் படிப்பித்த முப்பத்தொரு வருடத்தில் இரண்டே தடவைதான் கூட்டிப்போனேன். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.)

தொலைந்ததை மீட்டெடுக்க ஒரு நல்ல வழியை இந்த மண்ணில் பிறந்த ஒருவரே காட்டியிருக்கிறார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. பழைய தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகியிருந்தது, ஒரு கருவிகூட மிஞ்சவில்லை. அவர் கையில் இருந்தது சிலப்பதிகாரமும் அதன் உரையும். அதே அடியார்க்குநல்லார் உரை, எழுநூறு காவதம் எழுதிய அதே கை. அந்த உரையின் இசைக் குறிப்புகளை எடுத்து, நரம்பு, சுருதி, அலகு என்று கணக்குப் போட்டு, பொருந்துவதை வைத்துப் பொருந்தாததைத் தள்ளி, ஆண்டுக்கணக்காக உழைத்து வில்யாழ், பேரியாழ், சகோடயாழ் என்று வகைவகையாக மீட்டார். 1947 யூனில் யாழ்நூல் அரங்கேறியது, அடுத்த மாதம் அவர் போய்விட்டார். ஓர் உரையாசிரியரின் ஒரு பக்கம் கணக்கில் நின்றது, மறுபக்கம் நிற்கவில்லை. அதற்காக அவரை முழுதாகத் தூக்கி எறியவும் தேவையில்லை, முழுதாக விழுங்கவும் தேவையில்லை. நாம் ஒரு பெரிய வேலையைக் கடலுக்கடியில் தேடிக்கொண்டிருக்க, காரைதீவுக்காரர் மேசையில் இருந்தே முடித்துவிட்டார்.

துரோகி என்ற பேச்சுக்கு வருகிறேன். நம்பிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது நானும் அங்கேதான் நிற்பேன். மதுரை எரிந்த ஆண்டு எது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றுவதில்லை. ஆனால் காலையில் வகுப்பில் நின்று "மதுரை இந்த ஆண்டு எரிந்தது" என்று சொல்வதென்றால் எனக்குக் கரி வேண்டும், கரியின் வயது வேண்டும். கரியில் உள்ள கரிமம்-14 என்ற கதிரியக்க வகை 5,730 ஆண்டில் பாதியாகத் தேயும், அதை எண்ணிப் பார்க்கலாம். இந்த இரண்டு இடத்திலும் நிற்கிறவன் ஒரே ஆள்தான். என் தலைமுறையில் இந்தக் கண்டம் ஏன் இவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். "நீங்கள் வந்தேறு குடி" என்று ஒருவன் சொல்லும்போது "நாங்கள் 50,000 ஆண்டு" என்று பதில் சொல்ல நாக்குத் துடிக்கும். அந்தத் துடிப்பு பொய்யல்ல. ஆனால் காணி உறுதிக்குப் பதிலாகக் கண்டத்தைக் காட்டினால், எதிராளி கண்டத்தை உடைப்பான், உடைவது இலகு, அதோடு கதிரவெளிக் கல்லையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். நம்பாததால் நீங்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசியாக உங்கள் மாமாவின் கல். அவர் கண்டதை நான் மறுக்கவில்லை. கண்டது என்ன என்பதில் மூன்று வாய்ப்புத் தெரிகிறது. கரையோர மணல் சுண்ணாம்பால் இறுகிப் பாறையாவது இலங்கைக் கரையெங்கும் உண்டு. அது காய்ந்து வெடிக்கும்போது நேர்கோட்டில் வெடித்து, சதுரம் சதுரமாகத் தளம் பதித்தது போலவே கிடக்கும். கடல் ஏறினபின் அது நீருக்கடியில் போயிருந்தால், கோயிலாக இல்லாவிட்டாலும், பழைய கரை எங்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கடற்றொழிலாளர் பார் என்று சொல்லும் சாதாரணப் பாறையாகவும் இருக்கலாம். மூன்றாவது, கப்பல். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கி நம் கடலில் ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழத்தில் கிடக்கிறது, தகடுகள் சரிந்து சதுரம் சதுரமாகத்தான் தெரியும். மனிதர் செதுக்கின கல்லாகவே இருந்தால் உளி பட்ட தடம் இருக்கும், ஒரே அளவு திரும்பத் திரும்ப வரும், பக்கத்தில் ஓட்டுத் துண்டு கிடக்கும். மாமா அடுத்த முறை இறங்கும்போது ஒரு அடிக்கோலைக் கல்லின் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கட்டும், ஜிபிஎஸ் இலக்கத்தைக் குறிக்கட்டும். ஒன்றையும் தூக்கி வரவேண்டாம், அது சட்டத்துக்கும் பிழை, இடத்தை விட்டு எழும்பின கல் பிறகு ஒன்றும் சொல்லாது. அதற்கு முன், எத்தனை பாகம் ஆழத்தில் (பாகம் என்றால் ஏறத்தாழ ஆறு அடி) கண்டார் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். ஐந்தாறு பாகம் என்றால் நான் கரைப்பாறை என்றே சொல்வேன். முப்பதுக்குப் பக்கம் என்றால் முதலில் கப்பலைத்தான் நினைப்பேன். நடுவில் எங்காவது என்றால் நானும் ஒருநாள் கல்லடிக்கு வந்து அவரோடு இருந்து கதைக்கவேண்டும்.